ஸ்போர்ட்ஸ் கூப்பேயும் சொகுசு கூப்பேயும்: சிங்கப்பூர் விலையின் பின்னணிக் கணக்கு

டொயோட்டாவின் ஜிஆர்86 கூப்பே அமெரிக்காவில் ஏறத்தாழ 30,000 அமெரிக்க டாலருக்கு விற்கப்படுகிறது. அதே குழுமத்தின் சொகுசுப் பிரிவான லெக்சஸின் எல்சி 500 கூப்பே அங்கே ஏறத்தாழ 100,000 டாலர். ஒன்றுக்கு மூன்று என்ற இந்த விகிதத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சிங்கப்பூரில் இத்தகைய கார்களின் விலையை விசாரிப்பவர்கள் குழம்பிப்போவது இயல்பு. "கட்டுப்படியாகும் விலை" என்று உலகமே சொல்லும் கார் இங்கே இரண்டு லட்சம் வெள்ளியை, அதாவது சிங்கப்பூர் டாலரை, நெருங்கும் வகையைச் சேர்ந்தது. சொகுசு காரின் விலையோ மூன்று மடங்காகவும் இல்லை, எதிர்பார்த்த இடத்திலும் இல்லை. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பழைய கார் சந்தையில் பார்த்தால் குழப்பம் இன்னும் கூடுகிறது. இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

இரண்டும் எதற்காகச் செய்யப்பட்டவை

கூப்பே என்பது இரண்டு கதவுகளும் பின்னோக்கிச் சரியும் தாழ்ந்த கூரையும் கொண்ட கார். பெரும்பாலானவற்றில் பின்னிருக்கை பெயரளவுக்குத்தான் இருக்கும்; தேக்கா சந்தையில் வாங்கிய பைகளை வைக்கலாம், பெரியவர் ஒருவரை உட்காரவைத்து ஜோகூர் வரை அழைத்துச் செல்ல முடியாது. உருவத்தில் ஒன்றுபோல் தோன்றினாலும் மலிவான ஸ்போர்ட்ஸ் கூப்பேயும் சொகுசு கூப்பேயும் இரண்டு வேறு கேள்விகளுக்கான விடைகள்.

ஜிஆர்86 சுபாருவுடன் சேர்ந்து உருவாக்கப்பட்டது. 2012-இல் வந்த முதல் தலைமுறையும் 2021-இல் அறிமுகமான இரண்டாம் தலைமுறையும் ஒரே கொள்கையைப் பின்பற்றுகின்றன: எடையைக் குறை, எடையைத் தாழ்வாக வை, பின்சக்கரங்களுக்கு ஆற்றலை அனுப்பு. 2.4 லிட்டர் எஞ்சினின் நான்கு சிலிண்டர்களும் இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்த நிலையில் இருப்பதால் காரின் ஈர்ப்பு மையம் தரையை நெருங்கி நிற்கிறது. எடை ஏறத்தாழ 1,270 கிலோ. ஆற்றல் ஏறத்தாழ 235 குதிரைத்திறன். கையால் கியர் மாற்றும் ஆறு வேகப் பெட்டியும் கிடைக்கும்.

எல்சி 500-இன் கணக்கு வேறு. டர்போ இல்லாத, எட்டு சிலிண்டர் கொண்ட 5.0 லிட்டர் வி8 எஞ்சின், பத்து வேகத் தானியங்கிக் கியர், சந்தையைப் பொறுத்து 460 முதல் 477 வரை குதிரைத்திறன். எடை 1,900 கிலோவுக்கும் மேல். அந்தக் கூடுதல் எடையில் எஞ்சினின் பங்கு ஒரு பகுதிதான். ஒலித்தடுப்பு, தடித்த கண்ணாடி, மின்விசை இருக்கைகள், கனமான கட்டமைப்பு ஆகியவை மீதியைச் சேர்க்கின்றன. சாலையின் செய்தியை ஓட்டுநரின் கைக்கும் இடுப்புக்கும் கொண்டுவருவது முதல் காரின் வேலை என்றால், அந்தச் செய்தியில் பெரும்பகுதியை வாசலிலேயே நிறுத்திவிடுவது இரண்டாவதன் வேலை. எது உயர்ந்தது என்று கேட்பதில் பொருளில்லை.

விலைக்குள் அடங்கிய படிகள்

சிங்கப்பூரில் ஒரு புதிய காரின் விலை கீழ்க்கண்ட படிகளில் ஏறுகிறது.

1. திறந்த சந்தை மதிப்பு. காரை வாங்கிய விலை, கப்பல் கூலி, காப்புறுதி ஆகியவற்றைச் சேர்த்துச் சிங்கப்பூர்ச் சுங்கத்துறை நிர்ணயிக்கும் தொகை. பேச்சுவழக்கில் ஓஎம்வி. மற்ற வரிகள் பெரும்பாலும் இதைத்தான் அடிப்படையாகக் கொள்கின்றன.

2. சுங்கத்தீர்வை. ஓஎம்வி-யில் 20 விழுக்காடு.

3. பொருள் சேவை வரி. ஓஎம்வி, தீர்வை ஆகியவற்றின் கூட்டுத்தொகையில் 9 விழுக்காடு. வரியின்மேல் வரி என்று சிலர் முணுமுணுப்பது இந்தப் படியைப் பற்றித்தான்.

4. கூடுதல் பதிவுக் கட்டணம், அதாவது ஏஆர்எஃப். இது படிப்படியாக ஏறும் வரி. 2023 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட விகிதங்களின்படி, ஓஎம்வி-யின் முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000-க்கு 140, அதற்கடுத்த 20,000-க்கு 190, அதற்கும் அடுத்த 20,000-க்கு 250, 80,000-ஐத் தாண்டிய ஒவ்வொரு வெள்ளிக்கும் 320 விழுக்காடு.

5. வாகன உரிமைச் சான்றிதழ். 1990 முதல் நடப்பில் உள்ள ஒதுக்கீட்டு முறையின்கீழ் மாதம் இருமுறை ஏலத்தில் விடப்படும் சான்றிதழ்; ஆயுள் 10 ஆண்டுகள். எல்லார் வாயிலும் இதற்குப் பெயர் சிஓஇ.

6. பதிவுக் கட்டணம் 350 வெள்ளி. இதனுடன் புகை வெளியீட்டைப் பொறுத்த கூடுதல் கட்டணமும் விற்பனையாளரின் லாபமும் சேரும். இவ்விரண்டும் காருக்குக் கார் மாறுவதால் கீழ்க்கண்ட கணக்கில் சேர்க்கப்படவில்லை. பெரிய பெட்ரோல் எஞ்சின் கொண்ட கூப்பேக்களுக்குப் புகைக் கட்டணம் பத்தாயிரக்கணக்கான வெள்ளியாக இருக்கக்கூடும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஐந்தாவது படியில் ஒரு நுட்பம் உண்டு. பெட்ரோல் கார் "ஏ" பிரிவில் இடம்பெற அதன் எஞ்சின் 1,600 சிசி-யைத் தாண்டக்கூடாது. 2014 முதல் ஆற்றலும் 97 கிலோவாட்டைத் தாண்டக்கூடாது. ஏறத்தாழ 130 குதிரைத்திறன் என்ற அந்த வரம்புக்குள் அடங்கும் ஸ்போர்ட்ஸ் கூப்பே மிக அரிது. ஆகவே 235 குதிரைத்திறன் காரும் 470 குதிரைத்திறன் காரும் ஒரே "பி" பிரிவில் அக்கம்பக்கமாக நின்று ஒரே சான்றிதழுக்கு ஏலம் கேட்கின்றன. 2023 அக்டோபரில் அந்தப் பிரிவின் கட்டணம் 150,001 வெள்ளியைத் தொட்டது. அன்று மலிவான கூப்பேயை வாங்கியவரும் சொகுசு கூப்பேயை வாங்கியவரும் அதே 150,001 வெள்ளியைத்தான் கட்டினார்கள்.

இரண்டு எடுத்துக்காட்டுக் கார்கள்

எந்தக் குறிப்பிட்ட மாடலுக்கும் உரியதாக அல்லாமல், கணக்கு புரிவதற்காக மட்டும் இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். முதல் காரின் ஓஎம்வி 35,000 வெள்ளி. இரண்டாவதன் ஓஎம்வி 100,000 வெள்ளி. சிஓஇ கட்டணம் இரண்டுக்கும் 110,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம்.

ஸ்போர்ட்ஸ் கூப்பேக்குத் தீர்வை 7,000; பொருள் சேவை வரி 3,780; ஏஆர்எஃப் முதல் படியில் 20,000, இரண்டாம் படியில் 21,000, ஆக 41,000. பதிவுக் கட்டணத்தையும் சிஓஇ-யையும் சேர்த்தால் மொத்தம் 197,130 வெள்ளி.

சொகுசு கூப்பேக்குத் தீர்வை 20,000. பொருள் சேவை வரி 10,800. ஏஆர்எஃப் ஐந்து படிகளிலும் ஏறி 20,000, 28,000, 38,000, 50,000, 64,000 என்று சரியாக 200,000-இல் நிற்கிறது. மொத்தம் 441,150 வெள்ளி.

ஓஎம்வி-யில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி 2.9 மடங்கு. இறுதி விலையில் அது 2.2 மடங்காகிறது. சிஓஇ-யை நீக்கிவிட்டுப் பார்த்தால் 87,130-க்கும் 331,150-க்கும் இடையே 3.8 மடங்கு. இரண்டு விசைகள் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன என்பதை இந்த மூன்று எண்களும் காட்டுகின்றன. ஏஆர்எஃப் இடைவெளியை விரிக்கிறது. சிஓஇ அதைச் சுருக்குகிறது. ஏஆர்எஃப் காரின் மதிப்பைப் பார்த்து வசூலிக்கிறது, சிஓஇ அதைப் பார்ப்பதே இல்லை. முதல் காரின் விலையில் பாதிக்கும் மேல், அதாவது 56 விழுக்காடு, சிஓஇ-க்கே போகிறது. இரண்டாவதில் கால் பங்கு. சிஓஇ ஏறும்போதெல்லாம் சொகுசு கார்களைப் பற்றித்தான் தலைப்புச் செய்திகள் பேசுகின்றன; உண்மையில் அந்த ஏற்றம் அதிகமாக வலிக்கும் இடம் மலிவான காரின் விலைப்பட்டியல்தான்.

ஏஆர்எஃப் வரலாற்றைப் பார்த்தால் அரசின் குறி எங்கே இருந்தது என்பது தெளிவாகும். 2013-இல் படிமுறை வந்தபோது உச்ச விகிதம் 180 விழுக்காடு. அந்த விகிதங்களின்படி 100,000 வெள்ளி ஓஎம்வி-க்கு ஏஆர்எஃப் 152,000 வெள்ளி. 2022-இல் உச்சம் 220 ஆனது, 2023-இல் 320 ஆனது. இந்த மாற்றங்களுக்குப் பிறகு அதே காருக்கு 200,000. ஆனால் 35,000 வெள்ளி ஓஎம்வி கொண்ட காருக்கு 2013-இலும் 41,000, 2023-இலும் 41,000. ஒரு வெள்ளிகூட மாறவில்லை.

பத்தாண்டில் கரைவது எவ்வளவு

சிங்கப்பூரில் கார் வாங்குபவர் பார்க்க வேண்டியது விலைப்பட்டியலின் கடைசி வரியை அல்ல, ஆண்டுக்கு எவ்வளவு கரைகிறது என்பதைத்தான். காரைப் பத்தாண்டுக்குள் பதிவுநீக்கம் செய்தால் கட்டிய ஏஆர்எஃப்-இல் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். பார்ஃப் என்று அழைக்கப்படும் இந்தத் தள்ளுபடி, 2023 விதிகளின்கீழ் பதிவான கார்களுக்கு, முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் என்றால் 75 விழுக்காடு. அதன்பின் ஆண்டுக்கு 5 புள்ளி குறைந்து, பத்தாவது ஆண்டில் 50 விழுக்காடு. 2023-இல்தான் இந்தத் தள்ளுபடிக்கு 60,000 வெள்ளி என்ற உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. அந்த ஆண்டு பிப்ரவரியின் இரண்டாவது ஏலத்திலிருந்து பெற்ற சிஓஇ-யுடன் பதிவான கார்களுக்கு அது பொருந்தியது. அதற்கு முன் பதிவானவற்றைத் தொடவில்லை. ஆகவே பழைய கார் வாங்குபவர் அதன் சிஓஇ எந்த மாத ஏலத்தில் பெறப்பட்டது என்பதையும், அன்று எந்த விதி நடப்பில் இருந்தது என்பதையும் முதலில் பார்க்க வேண்டும்.

இந்த 2023 விதிகளின்படி, பத்தாண்டு முழுவதும் வைத்திருந்தால் ஸ்போர்ட்ஸ் கூப்பேக்கு 20,500 வெள்ளி திரும்பும். ஆண்டுக் கரைவு ஏறத்தாழ 17,660 வெள்ளி. சொகுசு கூப்பேக்குப் பாதி என்றால் 100,000 திரும்ப வேண்டும்; வரம்பு 60,000-இல் நிறுத்திவிடுவதால் ஆண்டுக் கரைவு ஏறத்தாழ 38,100 வெள்ளி. இதுவரை வியப்பு ஒன்றும் இல்லை.

வியப்பு ஐந்தாம் ஆண்டில் இருக்கிறது. பழைய கார் வணிகர்கள் "பேப்பர் வேல்யூ" என்று சொல்வது, காரை அன்றே பதிவுநீக்கம் செய்தால் அரசிடமிருந்து கிடைக்கும் தொகை: பார்ஃப் தள்ளுபடியும், சிஓஇ-யின் எஞ்சிய காலத்துக்குரிய பங்கும். ஐந்தாண்டு முடியும் தறுவாயில் ஸ்போர்ட்ஸ் கூப்பேயின் பேப்பர் வேல்யூ 30,750-உம் 55,000-உம் சேர்ந்து 85,750 வெள்ளி. சொகுசு கூப்பேக்கு 60,000-உம் 55,000-உம் சேர்ந்து 115,000. புதிதாக வாங்கும்போது 244,000 வெள்ளியாக இருந்த இடைவெளி, காகிதத்தில் 29,250 வெள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. ஓஎம்வி 200,000 வெள்ளியாக இருந்தாலும் பேப்பர் வேல்யூ இதே 115,000-தான்.

இனி இரண்டாவது உரிமையாளரின் கண்ணால் பாருங்கள். எஞ்சிய ஐந்தாண்டுகளில் ஸ்போர்ட்ஸ் கூப்பேயின் தள்ளுபடி 30,750-இலிருந்து 20,500-க்கு இறங்குகிறது. சொகுசு கூப்பேயின் தள்ளுபடியோ முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை வரம்பில் முட்டிக்கொண்டே நிற்பதால் 60,000-ஐ விட்டு அசைவதில்லை. பேப்பர் வேல்யூவுக்கே வாங்க முடிந்தால், அடுத்த ஐந்தாண்டுகளில் ஸ்போர்ட்ஸ் கூப்பே ஆண்டுக்கு 13,050 வெள்ளியும் சொகுசு கூப்பே 11,000 வெள்ளியும் கரைக்கும். சொகுசு கார்தான் மலிவு!

நடைமுறையில் யாரும் நல்ல காரைப் பேப்பர் வேல்யூவுக்கு விற்பதில்லை. அதற்குமேல் சந்தை தரும் தொகை "பாடி வேல்யூ". இரண்டாம் கை விலையில் பேரம் நடப்பது முழுக்க இந்தப் பகுதியில்தான். எனவே பழைய கூப்பே வாங்குபவர் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் எண் பாடி வேல்யூ. அதை எஞ்சிய ஆண்டுகளால் வகுத்து மேற்கண்ட 13,050-உடனோ 11,000-உடனோ கூட்டினால், அந்த காரை வைத்திருப்பதற்கான உண்மையான ஆண்டுச் செலவு தெரிந்துவிடும். இதிலிருந்து, 2023 விதிகளின்கீழ் பதிவான கார்களைப் பற்றி என் கணிப்பு இது: மலிவான கூப்பேயைப் புதிதாக வாங்குவதில் நியாயம் உண்டு, சொகுசு கூப்பேயைப் புதிதாக வாங்குபவர், அடுத்து வரப்போகும் உரிமையாளரின் ஏஆர்எஃப்-ஐத் தன் பையிலிருந்து கட்டிவிட்டுப் போகிறார்.

முன்பணம், கடன்

சிங்கப்பூர் நாணய ஆணைய விதிகளின்படி ஓஎம்வி 20,000 வெள்ளியைத் தாண்டிய காருக்கு விலையில் 60 விழுக்காடு வரைதான் கடன். தவணைக்காலம் அதிகபட்சம் ஏழாண்டு. மேற்கண்ட விலைகளுக்கு முன்பணம் முறையே 78,852 வெள்ளியும் 176,460 வெள்ளியும் ஆகும். வங்கிகள் விளம்பரப்படுத்தும் வட்டி பெரும்பாலும் தொடக்கத் தொகை முழுவதற்கும் கடைசி வரை கணக்கிடப்படுவது. 2.5 விழுக்காடு என்று அச்சிட்டிருந்தால் ஏழாண்டில் முதல் காருக்கு ஏறத்தாழ 20,700 வெள்ளியும் இரண்டாவதற்கு 46,300 வெள்ளியும் வட்டியாகப் போகும். அசல் குறையக் குறைய வட்டி குறையாததால், உண்மையான வட்டி விகிதம் அச்சிட்ட எண்ணைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு.

இந்தத் தீவில் அவற்றை ஓட்டுவது

நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட எல்சி 500-க்கு ஐந்து வினாடிக்கும் குறைவு. ஜிஆர்86-க்கு ஆறு வினாடிக்குச் சற்று மேல். நம் விரைவுச்சாலைகளின் உச்ச வேகமோ 90 கிலோமீட்டர். தீவு விரைவுச்சாலையில் மாலை ஆறரை மணிக்கு இரண்டு கார்களும் ஒரே லாரியின் பின்னால்தான் நகரும்.

இந்தச் சூழலில் எந்தக் குணம் பயன்படுகிறது என்பதே பொருத்தமான கேள்வி. எடை குறைந்த காரின் இன்பம் 50, 60 கிலோமீட்டர் வேகத்திலேயே, ஒரு வட்டப்பாதை வளைவிலோ விரைவுச்சாலையில் இணையும் சரிவிலோ, கிடைத்துவிடும். வி8 எஞ்சின் தன் முழு ஆற்றலைத் தொடுவது நிமிடத்துக்கு 7,000 சுழற்சிக்கு மேல். இரண்டாவது கியரிலேயே சட்ட வரம்பு முடிந்துவிடும். நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்து வீடு திரும்புபவருக்கு, மறுபுறம், அமைதியான உட்புறமும் நல்ல இருக்கையும் தானியங்கிக் கியரும் தரும் நிம்மதி ஒவ்வொரு நாளும் உணரக்கூடியது. கிளட்ச்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் ஓய்ந்துபோகும்போது ஓட்டும் இன்பம் பற்றிய பேச்சு எடுபடாது.

கார் நிறுத்துமிடம் தனிக் கதை. இங்கு நிறுத்துமிட அளவின் குறைந்தபட்சத் தரம் 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். எல்சி 500-இன் அகலம் 1,920 மில்லிமீட்டர், நீளம் 4,770 மில்லிமீட்டர். நடுவில் மிகச் சரியாக நிறுத்தினாலும் கோட்டுக்கும் காருக்கும் இடையே பக்கத்துக்கு 24 சென்டிமீட்டர்தான். நீளத்தில் எஞ்சுவது மொத்தமாக 3 சென்டிமீட்டர். ஜிஆர்86-க்குப் பக்கத்துக்கு 31 சென்டிமீட்டரும் நீளத்தில் அரை மீட்டருக்கு மேலும் மிஞ்சும். கூப்பேயின் கதவு நான்கு கதவுக் காரின் கதவைவிட நீளமானது என்பதால், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி நிறுத்துமிடத்தில் இருபுறமும் கார்கள் நிற்கும்போது இந்த 7 சென்டிமீட்டர் வேறுபாடு உடம்பை ஒடுக்கி வெளியே வருவதற்கும் வரமுடியாமல் போவதற்கும் உள்ள வேறுபாடாகிவிடும். மழலை இருக்கையில் குழந்தையைப் பின்னால் வைத்துக் கட்டுவது இரண்டு காரிலுமே சோதனைதான், 1.35 மீட்டர் உயரம் எட்டாதவர்களுக்கு உரிய பாதுகாப்பு இருக்கை கட்டாயம் என்பதால் அதைத் தவிர்க்கவும் வழியில்லை.

இந்தக் கார்கள் கொஞ்சம் மூச்சுவிடும் இடம் துவாஸ் பாலத்துக்கு அப்பால். மலேசிய நெடுஞ்சாலையின் 110 கிலோமீட்டர் வேகத்தில் கோலாலம்பூர் வரை போகச் சொகுசு கூப்பேயே உகந்தது. செப்பாங் பந்தயத்தடத்தில் ஒரு நாள் சுற்றுவதற்கு இலகுவான கார் பொருத்தம், அதன் டயரும் பிரேக்கும் தேய்ந்தாலும் செலவு தாங்கும். சிங்கப்பூர்ப் பதிவு கொண்ட கார் எல்லையைக் கடக்கையில் தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருந்தாக வேண்டும் என்பதால், அக்கரை பெட்ரோலை நம்பிப் போடும் கணக்கு பெரிதாக மிச்சம் தராது.

இரண்டுக்குமே உயர் ஆக்டேன் பெட்ரோல்தான் பரிந்துரைக்கப்படுகிறது. 98 ரக பெட்ரோலுக்கு 2021 முதல் லிட்டருக்கு 79 காசு தீர்வை. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டினால், அறிவிக்கப்பட்ட எரிபொருள் அளவுகளின்படி இரண்டுக்கும் வேறுபாடு ஏறத்தாழ 400 லிட்டர். விலைக் கரைவின் பக்கத்தில் வைத்தால் இது சிறிய தொகை.

பத்தாண்டு முடிந்த பிறகு

சிஓஇ காலாவதியாகும்போது உரிமையாளருக்கு இரண்டு வழிகள்: காரைப் பதிவுநீக்கம் செய்வது, அல்லது முந்தைய மூன்று மாத ஏலங்களின் சராசரிக் கட்டணத்தைச் செலுத்திச் சிஓஇ-யைப் புதுப்பிப்பது. பத்தாண்டுக்குப் புதுப்பிக்க முழுக் கட்டணம். ஐந்தாண்டுக்குப் பாதி, ஆனால் ஐந்தாண்டுப் புதுப்பிப்பை மறுபடி நீட்டிக்க முடியாது. எந்தப் புதுப்பிப்பைத் தேர்ந்தாலும் பார்ஃப் தள்ளுபடி பறிபோகும்.

முடிவைத் தீர்மானிப்பது இந்தக் கடைசி நிபந்தனைதான். 2023 விதிகளின்கீழ் பதிவான ஸ்போர்ட்ஸ் கூப்பேயைப் புதுப்பிப்பவர் விட்டுக்கொடுப்பது 20,500 வெள்ளி. சொகுசு கூப்பேக்காரர் விட்டுக்கொடுப்பது 60,000. புதுப்பிப்புக் கட்டணம் இருவருக்கும் ஒன்றே. எளிமையான எஞ்சினும் குறைந்த மின்னணுச் சாதனங்களும் கொண்ட பத்து வயதுக் காரைப் பராமரிப்பது எளிது. சொகுசு காரில் பழுதாகக்கூடியவை எண்ணிக்கையில் அதிகம், ஒவ்வொன்றின் விலையும் அதிகம்.

சாலை வரியிலும் இடைவெளி விரிகிறது. 2,387 சிசி எஞ்சினுக்கு ஆண்டு வரி ஏறத்தாழ 1,670 வெள்ளி, 5.0 லிட்டர் வி8-க்கு ஏறத்தாழ 5,460. பத்து வயதைத் தாண்டிய காருக்கு இதன்மேல் 10 விழுக்காடு கூடுதல் வரி தொடங்கி, ஆண்டுக்கு 10 புள்ளியாக ஏறி, 14 வயதுக்குப் பிறகு 50 விழுக்காட்டில் நிற்கும். அப்போது ஸ்போர்ட்ஸ் கூப்பேயின் சாலை வரி ஏறத்தாழ 2,500 வெள்ளி. சொகுசு கூப்பேயின் சாலை வரி ஏறத்தாழ 8,200 வெள்ளி.